கோபல்ல கிராமம்: நிலத்துக்கு வாரிசு, கதைக்கு வாரிசு

கோபல்ல கிராமம் கி. ராஜநாராயணன் எழுதிய நாவல். 1976இல் வெளிவந்தது. ஆந்திரப் பகுதியிலிருந்து தெற்கே வந்து கரிசல் காட்டில் குடியேறிய தெலுங்கு பேசும் மக்களின் கதையை, கோட்டையார் என்ற கூட்டுக்குடும்பத்தை நடுவில் வைத்துச் சொல்கிறது. தமிழின் முக்கியமான வட்டார நாவல்களில் ஒன்றாகவும், இடப்பெயர்வைப் பற்றிய முன்னோடி நாவல்களில் ஒன்றாகவும் கருதப்படுகிறது.

இந்த நாவலைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதன் கரிசல் மொழியையும் நாட்டார் கதைத் தன்மையையும் பாராட்டுவார்கள். அவை பாராட்டுக்கு உரியவைதான். ஆனால் நாவலின் நடுவில் அதைவிடக் கனமான ஒரு கேள்வி இருக்கிறது. வேறொரு நாட்டிலிருந்து, வேறொரு மொழியோடு வந்த ஒரு குடும்பம், எத்தனை தலைமுறை கழிந்தபின் இந்த ஊர்க்காரர் ஆகிறது? அந்த உரிமையை அதற்குக் கொடுப்பது எது? இக்கட்டுரை நாவலை அந்தக் கேள்வியின் வழியே பார்க்கிறது.

ஆசிரியர்

கி. ராஜநாராயணன் 1923இல் கோவில்பட்டிக்கு அருகே உள்ள இடைசெவல் கிராமத்தில் பிறந்தார். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். இன்று தூத்துக்குடி மாவட்டம். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிப் படிப்பு இல்லை. விவசாயி. பொதுவுடைமை இயக்கத்தோடும் விவசாயிகள் போராட்டத்தோடும் தொடர்பு கொண்டிருந்தார், சிறை சென்றார். இசையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். அதே ஊரில் பிறந்த கு. அழகிரிசாமி அவருடைய இளமைக்கால நண்பர். ஒரே சிற்றூரிலிருந்து இருவர் சாகித்ய அகாதமி விருது பெற்றது தமிழ் இலக்கியத்தில் அபூர்வமான செய்தி.

நாற்பது வயதை நெருங்கும் காலத்தில்தான் ராஜநாராயணன் தீவிரமாக எழுத வந்தார். 'கதவு', 'கிடை' ஆகியவை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982இல் ஓர் அகராதியை வெளியிட்டார். ஒரு வட்டாரத்தின் பேச்சுச் சொற்களைத் தனியாளாக முனைந்து தொகுத்த முயற்சி அது. பின்னாளில் புதுச்சேரியில் குடியேறி, புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் துறையில் வருகைதரு பேராசிரியராகப் பணியாற்றினார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார் என்பதை மாணவர்கள் வியப்போடு நினைவுகூர்வதுண்டு. 2021 மே 17 அன்று மறைந்தார். இடைசெவலில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது.

அவருடைய வீட்டு மொழி தெலுங்கு. எழுதியது தமிழில். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு நாவலைப் படிக்கத் தொடங்குவது நல்லது.

வரலாற்றுப் பின்னணி

விஜயநகரப் பேரரசு தெற்கே பரவியபோதும், 16ஆம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சி ஏற்பட்டபோதும், தெலுங்கு பேசும் பல சமூகத்தினர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். படைவீரர்களாகவும் பாளையக்காரர்களாகவும் வந்தவர்கள் சிலர். உழவர்களாக வந்தவர்கள் பலர். தாமிரபரணிக் கரையின் நன்செய் நிலங்களில் முன்பே குடிகள் நிறைந்திருந்தனர். வடக்கே இருந்த கரிசல் பரப்போ ஆறு இல்லாதது; வானத்தைப் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பும் சோளமும் பருத்தியும் விளையும். பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. கறுப்பு மண்ணில் பயிர் செய்து பழகிய தெலுங்கு உழவர்கள், தங்கள் ஊர் மண்ணைப் போன்ற இந்த மண்ணைத் தேர்ந்துகொண்டார்கள் என்பதைத் திருநெல்வேலிச் சீமையின் விவசாய வரலாற்றை ஆராய்ந்த டேவிட் லட்டன் எடுத்துக்காட்டுகிறார்.

வரலாற்று நூல்கள் இந்த இடப்பெயர்வுக்குப் படையெடுப்பு, நிலக்கொடை, வறட்சி, நல்ல மண்ணைத் தேடிய பயணம் என்று பல காரணங்கள் சொல்லும். நாவலில் வரும் மக்கள் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று. ஒரு பெண்ணைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

கதை

நாவலின் நிகழ்காலம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. கும்பினி ஆட்சி முடிந்து, விக்டோரியா மகாராணியின் ஆட்சி வரும் காலம். ஊரின் பெரிய குடும்பம் கோட்டையார் குடும்பம். மூத்தவர் கோவிந்தப்ப நாயக்கர். சகோதரர்கள் ஒரே வீட்டில், வேலைகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு வாழ்கிறார்கள். அந்த வீட்டின் மிக மூத்த உயிர் மங்கத்தாயார் அம்மாள். நூறு வயதைத் தாண்டிய பூட்டி. ஊரில் எல்லாருக்கும் வேண்டியவராக, கூர்மையும் வேடிக்கைப் பேச்சும் கொண்டவராக அக்கையா வருகிறார். தொழிலாலும் பழக்கத்தாலும் பட்டப்பெயர் பெற்ற நாயக்கர்கள் பலர் ஊரை நிறைக்கிறார்கள்.

முற்பகுதியில் ஒரு கொலை நடக்கிறது. கணவனோடு நடந்து வரும் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, தாகம் தாங்காமல் நீர் குடிக்க இறங்குகிறாள். அவள் நகைக்கு ஆசைப்பட்ட கள்ளன் ஒருவன் அவளை நீரில் அமுக்கிக் கொல்கிறான். சாகும்போது அவள் அவன் கால் பெருவிரலைப் பல்லால் கடித்துக்கொள்கிறாள். அந்தப் பிடியை விடுவிக்க முடியாமல் அவன் அகப்படுகிறான். ஊர் அவனை விசாரிக்கிறது. கழுவேற்றுவது என்று முடிவாகிறது. கூர்மையான மரத்தில் குற்றவாளியை ஏற்றிக் கொல்வது அக்காலத் தண்டனை.

இந்த நிகழ்காலக் கதைக்குள் மங்கத்தாயார் சொல்லும் பழங்கதை வந்து சேர்கிறது. குடும்பத்தில் சென்னா தேவி என்ற பேரழகி இருந்தாள். அவள் அழகைக் கேள்விப்பட்ட துலுக்க ராஜா ஒருவன் அவளை அடைய விரும்பினான். மானத்துக்கு அஞ்சிய குடும்பத்தார் சொத்தையும் ஊரையும் விட்டுவிட்டு இரவோடு இரவாகப் புறப்பட்டார்கள். பின்னால் துரத்தல்; வழியெல்லாம் பசியும் நோயும். குறுக்கே ஓர் ஆறு வந்தது. கரையில் நின்ற மரம் வளைந்து கொடுத்து அவர்களை அக்கரை சேர்த்தது. நெடுந்தூரம் நடந்து, கடைசியில் ஒரு காட்டை அடைந்து, அதைத் தீயிட்டுத் திருத்தி, ஊர் சமைத்தார்கள்.

வெள்ளைக்காரர் ஆட்சி ஊருக்குள் நுழைவதோடு நாவல் நிறைவை நெருங்குகிறது.

சென்னா தேவியும் பெயரில்லாத பெண்ணும்

நாவலில் கதைத் திட்டம் இல்லை, துண்டு துண்டான நிகழ்ச்சிகளைக் கோத்திருக்கிறார் என்று ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. கொலை நிகழ்ச்சியையும் இடப்பெயர்வுக் கதையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தக் குறை பெரும்பகுதி நீங்கிவிடும்.

ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதற்காகவே பிறந்த ஊர் அது. அதன் பெருமை முழுவதும் அந்தக் கதையில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரின் எல்லையில் இன்னொரு பெண் கொல்லப்படுகிறாள். அவள் வழிப்போக்கி. ஊருக்கு உறவில்லாதவள். சென்னா தேவிக்குப் பெயர் இருக்கிறது, அழகு இருக்கிறது, அவளைப் பற்றிப் பேச ஒரு வம்சமே இருக்கிறது. இவளுக்கு அவை ஒன்றும் இல்லை. அவளிடம் இருந்தது கடைசி நேரத்துப் பல்லின் பிடி மட்டும்.

ஊர் அவளுக்கு நியாயம் செய்யுமா என்பதே நாவல் எழுப்பும் முதல் கேள்வி. கோட்டையார் அதை யாரோ ஒருத்தியின் சாவு என்று தள்ளிவிடுவதில்லை. தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வழிநடையாய் வந்த துன்பத்தை அவர்கள் அறிவார்கள். அவர்களுடைய முன்னோரும் ஒருகாலத்தில் வழிப்போக்கர்களே. வந்தேறியவர் ஊர்க்காரர் ஆகும் தருணம் இது. நிலத்தை வைத்திருப்பதால் மட்டும் அவர்கள் ஊருக்கு உரியவர்கள் ஆகவில்லை. தங்கள் எல்லைக்குள் நடந்த அநியாயத்துக்குப் பொறுப்பேற்பதால் ஆகிறார்கள்.

கழுவேற்றம் இன்றைய வாசகருக்குக் கொடூரமாகவே படும். ஆசிரியர் அதை நியாயப்படுத்தவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. தண்டிக்கும் உரிமை ஊரிடம் இருந்த கடைசிக் காலத்தை அவர் பதிவு செய்கிறார். சில ஆண்டுகளில் அந்த உரிமை கச்சேரிக்கும் போலீசுக்கும் போய்விடும்.

நிலம் ஆண் வழி, கதை பெண் வழி

குடும்ப நாவல் என்றால் சொத்து யாருக்குப் போகிறது என்ற கேள்வி இருந்தே தீரும். கோட்டையார் குடும்பத்தில் நிலமும் மாடும் வீடும் தந்தையிடமிருந்து மகன்களுக்குப் போகின்றன. பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகிறவள். நிலத்தில் அவளுக்குப் பங்கு இல்லை. அக்காலத்தின் நடைமுறை அது.

ஆனால் அந்த நிலம் எப்படி வந்தது என்ற கதை யாரிடம் இருக்கிறது? மங்கத்தாயாரிடம் இருக்கிறது. ஆண்கள் உழுகிறார்கள், வழக்குத் தீர்க்கிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள். 'நாம் யார், எங்கிருந்து வந்தோம்' என்று கேட்டால் அவர்களும் பூட்டியின் கட்டிலருகேதான் வந்து உட்கார வேண்டும். அவர்களிடம் பட்டயம் இல்லை, செப்பேடு இல்லை. பூட்டியின் சொல் ஒன்றே அந்தக் குடும்பத்தின் மூலப் பத்திரம்.

இங்கே இரண்டு வகை உடைமைகள் ஒரே வீட்டில் இரண்டு வழிகளில் இறங்கி வருகின்றன. நிலம் ஆண் வழியில் வருகிறது. பிரிக்கப் பிரிக்கக் குறைகிறது. கதை பெண் வழியில் வருகிறது. எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் குறைவதில்லை. பேரனுக்கும் கிடைக்கிறது, பேத்திக்கும் கிடைக்கிறது, வேலைக்காரருக்கும் வாசலில் உட்கார்ந்து கேட்பவருக்கும் கிடைக்கிறது. கடைசியில் எழுத்தாளர் ஒருவர் வழியாக நமக்கும் கிடைத்திருக்கிறது. நாவலின் உண்மையான பரம்பரைச் சொத்து இதுவே.

பூட்டியின் கதையில் மரம் வளைந்து கொடுக்கும் இடத்தைப் பகுத்தறிவோடு கேள்வி கேட்கலாம். கம்பளத்தார் போன்ற பிற தெலுங்கு பேசும் சமூகங்களின் இடப்பெயர்வுக் கதைகளிலும் இதே போன்ற மரம் வருகிறது. ஆகவே அது ஒரு குடும்பத்தின் அனுபவம் என்பதைவிட, நாடு விட்டு நாடு வந்த பலருக்கும் பொதுவான நினைவுச் சின்னம் என்று கொள்வதே சரி. அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவே ஏதோ ஒன்று தங்களுக்காக வளைந்து கொடுத்தது என்ற நம்பிக்கை இல்லாமல், பழைய ஊரை இழந்தவர்கள் புதிய ஊரில் கால் ஊன்ற முடியாது. ஆசிரியர் இதைப் புரிந்துகொண்டவர். அதனால் அற்புதத்தை விளக்க முற்படாமல், பூட்டி சொன்ன விதத்திலேயே விட்டுவிடுகிறார்.

மொழி

நாவலின் மக்கள் தங்களுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். நாவல் கரிசல் தமிழில் இருக்கிறது. பெயர்களிலும் உறவு முறைகளிலும் தெலுங்கு வாசனை அடிக்கிறது. உழவு, மாடு, மழை, மண், தானியம் பற்றிய சொற்களோ கோவில்பட்டிப் பக்கத்துத் தமிழ். வீட்டு மொழி ஒன்று, காட்டு மொழி ஒன்று என்று இருந்த மக்களின் வாழ்க்கை நாவலின் மொழியிலேயே பதிந்திருக்கிறது.

ஓர் ஊருக்கு உரியவர் ஆவதன் மிகப் பெரிய சான்று இதுதான். ராஜநாராயணன் தம் முன்னோர் வந்த கதையை, வந்து சேர்ந்த இடத்தின் மொழியில் சொன்னார். அதோடு நிற்கவில்லை. அந்த மொழிக்கு அகராதியும் செய்தார். பிறப்பால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பலர் கேட்டும் கேளாமல் விட்ட சொற்களை, வீட்டில் தெலுங்கு பேசிய ஒருவர் பொறுக்கிச் சேர்த்தார். இந்தச் செய்தியின் முன்னால் 'யார் தமிழர்' என்ற சண்டை வலுவிழந்து போகிறது.

மாணவர்கள் இந்த நாவலைப் படிக்கும்போது பேச்சு வழக்கைக் கண்டு தயங்கத் தேவையில்லை. முதல் சில பக்கங்களை வாய்விட்டுப் படித்தால் போதும். இது காதால் கேட்பதற்காக எழுதப்பட்ட உரைநடை. கண்ணுக்குக் கடினமாகத் தோன்றும் வாக்கியம் காதுக்கு எளிதாகிவிடும்.

பிற தலைமுறை நாவல்களோடு ஒப்பீடு

மேலைநாட்டுக் குடும்ப நாவல்களில் பல, ஒரு குடும்பம் தேய்ந்து அழிவதைச் சொல்கின்றன. ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மன் 1901இல் எழுதிய 'புட்டன்புரூக்ஸ்' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழில் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) பனைநாட்டில் நொடித்துப்போன ஒரு பழைய வீட்டைக் காட்டுகிறது. நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) இரணியல் வட்டாரத்துச் செட்டிமார் குடும்பம் ஒன்றின் வழியே, மரபு தன் பெண்ணையே நசுக்குவதைக் காட்டுகிறது. அங்கும் ஆச்சி ஒருத்தி பழங்கதை சொல்கிறாள். ஆனால் பேரன் அந்த மரபை எதிர்த்துக் கேள்வி கேட்கிறான். கோபல்ல கிராமத்தில் அத்தகைய பேரன் இல்லை. இது ஒரு குடும்பம் வேர் பிடிக்கும் கதை; கேள்வி கேட்கும் தலைமுறை இன்னும் பிறக்கவில்லை.

கோபல்ல கிராமம் வெளிவந்த அதே 1976இல் அமெரிக்காவில் அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' வெளிவந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட மூதாதையிலிருந்து தொடங்கி, பல தலைமுறைகளின் கதையைச் சொன்ன நூல் அது. வீட்டுக் கிழவிகள் சொன்ன கதைத் துணுக்குகளே அதற்கும் தொடக்கம். அதன் வரலாற்று உண்மை பற்றிப் பின்னால் பெரிய சர்ச்சை எழுந்தது. ஹேலி அதை நடந்த வரலாறு என்று முன்வைத்ததே காரணம். ராஜநாராயணன் அந்தச் சிக்கலில் மாட்டவில்லை. பூட்டி சொன்னாள் என்பதோடு அவர் நின்றுகொண்டார். ஒன்றையொன்று அறியாத இரு எழுத்தாளர்கள், உலகின் இரு மூலைகளில், ஒரே காலத்தில் பாட்டி கதைகளை நம்பி நூல் எழுதினார்கள் என்பது நினைவில் வைக்கத் தக்கது.

எதிர்க்கேள்விகள்

நல்ல நாவலிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு.

முதலாவது, துலுக்க ராஜா. அவனுக்கு ஆசையைத் தவிர வேறு குணம் எதுவும் தரப்படவில்லை. மன்னன் பெண் கேட்டான், குலம் ஊரைவிட்டு ஓடிவந்தது என்ற கதை பல சமூகங்களிடம் இருக்கிறது. சில கதைகளில் மன்னன் சோழன், சிலவற்றில் பாண்டியன், சிலவற்றில் முகமதியன். எனவே வாசகர் இதை ஒரு மதத்தைப் பற்றிய வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆசிரியர் பூட்டியின் வாய்மொழியாக வைத்ததால் ஓரளவு விலகல் கிடைக்கிறது. என்றாலும் அந்த நினைவை இடைமறித்துக் கேட்கும் குரல் ஒன்று நாவலுக்குள் இல்லை என்பது குறையே.

இரண்டாவது, எரிந்த காடு. தீயிட்டுக் காடு திருத்தும் பகுதி நாவலின் மிக வலிமையான பகுதிகளில் ஒன்று. ஆனால் அந்தக் காடு யாருடையது? அதில் மேய்த்தவர், வேட்டையாடியவர், தேன் எடுத்தவர் யாராவது இருந்தார்களா? குடியேறிகளின் கதை எப்போதும் 'ஆளில்லாத காடு' என்றே தொடங்கும். உலகின் பல நாடுகளில் அப்படித் தொடங்கிய கதைகளுக்குப் பின்னால் முன்பிருந்தவர்களின் இழப்பு மறைந்திருக்கிறது. நாவல் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

மூன்றாவது, உழைப்பவர்கள். கோட்டையார் வீட்டின் செழிப்பு அவர்களுடைய கைகளால் மட்டும் வந்ததாக இருக்க முடியாது. பண்ணையில் வேலை செய்தவர்கள், ஊருக்கு வெளியே குடியிருந்தவர்கள் ஆகியோரின் குடும்பக் கதை இங்கே விரிவு பெறவில்லை. அந்த இடத்தைப் பின்வந்த நாவல்கள் நிரப்பின. சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) தலித் குடும்பத்துக்குள்ளிருந்து பேசியது. அதே கரிசல் மண்ணிலிருந்து வந்த பூமணியின் 'அஞ்ஞாடி' (2012) பல சாதியினரின் பல தலைமுறைகளை ஒரே பெரும் பரப்பில் வைத்தது. 2014இல் சாகித்ய அகாதமி விருதும் பெற்றது. கோபல்ல கிராமத்தைப் படித்தவர் அஞ்ஞாடியையும் படித்தால் கரிசலின் முழு உருவம் கிடைக்கும்.

தொடர்ச்சி

இந்த நாவலின் தொடர்ச்சியாக 'கோபல்லபுரத்து மக்கள்' ஆனந்த விகடனில் தொடராக வந்து நூலானது. அதற்கு 1991இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அதில் அதே ஊரின் பின்வந்த தலைமுறைகள், புதிய பொருள்கள் ஊருக்குள் வரும் வியப்பு, விடுதலைப் போராட்டம் ஆகியவை இடம்பெறுகின்றன. வெளியிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த நாட்டின் விடுதலைக்காகப் போராடுகிறார்கள். முதல் நாவல் எழுப்பிய கேள்விக்கு இரண்டாம் நாவல் தரும் விடை இது. 'அந்தமான் நாயக்கர்' மூன்றாவதாக வைத்துப் படிக்கப்படுகிறது.

இன்று படிக்கும்போது

இந்த நாவல் கரிசலைப் பற்றியது என்றாலும் அதன் கேள்வி கரிசலோடு முடிவதில்லை. குடியேற்றம் இன்று வேகமாக நடக்கும் இடங்களில் அதைப் படிக்கும்போது அதன் பொருள் கூடுகிறது. சென்னைக்குத் தென்மேற்கே, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் உள்ள படப்பை அப்படிப்பட்ட ஓர் ஊர். பழந்தமிழில் 'படப்பை' என்றால் தோட்டம், வீட்டை ஒட்டிய கொல்லை என்று பொருள். ராஜநாராயணனின் வட்டாரத்தில் 'படப்பு' என்றால் வைக்கோல் போர். இரண்டுமே உழவரின் சொற்கள்.

1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. டயர், லாரி, உதிரிபாகம் என்று ஆலைகள் பெருகின. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் பல, ஆலைகளாகவும் மனைகளாகவும் மாறின. தலைமுறை தலைமுறையாக வந்த நிலம் பணமாகி, அண்ணன் தம்பிக்குள் பங்காகியது. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தம் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை கொடுத்தது. அதனால் பாகப்பிரிவினையில் அக்கா தங்கையின் கையெழுத்தும் தேவைப்படுகிறது. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை எல்லாரும் அறிவார்கள். அந்த நிலத்தை முதலில் திருத்தியவர் யார், ஏரிக்கரையில் எந்த மரத்தடியில் களம் இருந்தது என்பதை அறிந்தவர்கள் சிலரே. நிலம் போனபின் கதையும் போய்விடுமா என்பது இங்கே நடைமுறைக் கேள்வி.

இன்னொரு பக்கம் புதியவர்கள் வருகிறார்கள். கோவில்பட்டி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒடிசா, பீகார், அசாம் மாநிலத்தவரும் வருகிறார்கள். வாடகை வீடுகளில் வேற்று மொழி கேட்கிறது. அவர்களில் சிலர் இங்கேயே மணமுடித்து, பிள்ளைகளை இங்கேயே பள்ளியில் சேர்க்கிறார்கள். 'வந்தேறி' என்ற சொல் அரசியல் மேடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் எளிதாகப் புழங்குகிறது. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த மாணவன் ஒருவன் கோபல்ல கிராமத்தைப் படித்தால், கரிசல் தமிழின் மூத்த எழுத்தாளராகத் தான் பாடப்புத்தகத்தில் படித்தவரும் வந்தவர்களின் வழித்தோன்றல்தான் என்று தெரிந்துகொள்வான். ஒரு நூறு ஆண்டுகளுக்குப் பின், ஒரகடத்து வாடகை அறையில் தொடங்கிய ஒரு குடும்பத்தின் கதையை அதன் பேத்தி ஒருத்தி தமிழில் எழுதக்கூடும்.

அந்தக் குடும்பத்தின் கதையில் நம் ஊர் எப்படி இடம்பெறும் என்பது இன்று இங்கிருப்பவர்கள் கையில் இருக்கிறது. வழிப்போக்கியின் சாவுக்கு நியாயம் கேட்ட ஊராகவா, அல்லது யாரோ ஒருத்தி என்று விட்டுவிட்ட ஊராகவா?

மதிப்பீடு

கோபல்ல கிராமம் அளவில் பெரிய நூலன்று. சில நாள்களில் படித்து முடிக்கலாம். கட்டுக்கோப்பில் தளர்ச்சி உண்டு. சில மாந்தர் ஒரு வேடிக்கைக்காக வந்து போய்விடுகிறார்கள். யாருடைய கதை சொல்லப்படவில்லை என்ற கேள்வியும் நிற்கிறது. இத்தனைக்கும் பிறகு, தமிழில் இடப்பெயர்வு, அடையாளம், பரம்பரை ஆகியவற்றைப் பற்றி எழுதும் எவரும் இந்த நாவலைத் தாண்டிப் போக முடியாது.

காரணம் எளியது. ஒரு குடும்பம் தன் உரிமைக்குச் சான்றாக ஆவணத்தை நீட்டாமல், தான் வந்த வழியை ஒளிக்காமல் சொல்கிறது. நாங்கள் இந்த மண்ணில் முளைத்தவர்கள் என்று பொய் சொல்லவில்லை. வந்தோம், காட்டைத் திருத்தினோம், இந்த ஊரின் நல்லது கெட்டதுக்குப் பொறுப்பேற்றோம், இந்த ஊரின் மொழியில் பேசுகிறோம் என்கிறது. ஊருக்கு உரியவர் ஆவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நாவல் வாசகரைக் கேட்கிறது. வீட்டில் வயதான பாட்டி இருக்கும் மாணவர்கள், நாவலை முடித்ததும் அவர் அருகில் போய் உட்கார்ந்து, நாம் எங்கிருந்து வந்தோம் என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.